பொட்டலம் இருக்கிறது, ரிஜிஸ்டரைக் காணோம்

கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு இது. வங்கி, கூட்டுறவுச் சங்கம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்காவது ஒரு சர்வர் அறையின் சாவி உங்களிடம் இருக்கிறதா? அல்லது அப்படிச் சாவி வைத்திருப்பவருக்கு நீங்கள் மேலதிகாரியா? மேலதிகாரி என்றால் கட்டாயம் படியுங்கள். பொட்டி தட்டுகிற நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். படித்தது பி.காம்., கும்பகோணத்தில். வங்கியில் சேர்ந்த காலத்தில் கிளைக்குக் கிளை தனி சர்வர். பிறகு கோர் பேங்கிங் வந்தபோது, "இவனுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் வரும்" என்று யாரோ போட்டுக்கொடுத்ததில் ஐ.டி. பிரிவுக்குத் தள்ளப்பட்டேன். அங்கே சில வருஷம், ஐ.எஸ். ஆடிட்டில் சில வருஷம், இப்போது திருவனந்தபுரத்தில் ஜாகை. மலையாளம் பேச வந்துவிட்டது. மட்டை அரிசிச் சோறுதான் இன்னும் பழகவில்லை. ஆக நான் சொல்லப்போவது இன்ஜினியரிங் அல்ல. கணக்குப்பிள்ளை புத்தியில் பட்டது.

சொல்லவேண்டியது ஒன்றுதான். சர்வரில் ஸ்டோரேஜ் வால்யூம் கெட்டுப்போய், "மெட்டாடேட்டா கரப்ட்" என்று ஒரு செய்தி வந்தால், அந்த நிமிஷத்தில் பெரும்பாலும் உங்கள் டேட்டா போயிருக்காது. அது போவது அடுத்த ஒரு மணி நேரத்தில், யாரோ அவசரப்பட்டு அமுக்கும் ரிப்பேர் பட்டனால். அந்தப் பட்டனை அமுக்குகிற பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பின்னால் நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும் மேலாளர் மேல்தான் கோபம்.

*

மெட்டாடேட்டா என்றால் என்ன? கேரளத்தில் வங்கி வேலை பார்ப்பவனுக்கு இதை விளக்க நகைக்கடனை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்ட்ராங் ரூமில் ஆயிரம் நகைப் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அந்த நம்பர் யாருடையது, எத்தனை கிராம், எந்த அலமாரி, எந்தத் தட்டு, எல்லாம் ரிஜிஸ்டரில். ஒருநாள் மழைத்தண்ணீர் இறங்கி ரிஜிஸ்டரின் நடுப்பக்கங்கள் கரைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் ஒரு குன்றிமணி குறையவில்லை. ஆனால் எது யாருடையது?

அப்போது ஒரு நல்ல மேனேஜர் என்ன செய்வார்? முதலில் ஸ்ட்ராங் ரூமைப் பூட்டுவார். யாரும் ஒரு பொட்டலத்தையும் இடம் மாற்றக்கூடாது, புது நம்பர் ஒட்டக்கூடாது. நனைந்த ரிஜிஸ்டரை இருக்கிற நிலையிலேயே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பார். அப்புறம்தான் லோன் அப்ளிகேஷன், அப்ரைசர் சீட்டு, வாடிக்கையாளரிடம் உள்ள ரசீது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார். மோசமான மேனேஜர் என்ன செய்வார்? புது ரிஜிஸ்டர் வாங்கிவரச் சொல்லி, இருக்கும் பொட்டலங்களுக்கு ஒன்றிலிருந்து நம்பர் போடுவார். சாயந்திரத்துக்குள் ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். மறுநாள் காலையில் கவுண்டர் முன்னால் ஊரே நிற்கும்.

ரிப்பேர் மென்பொருள்கள் பலவும் அந்த இரண்டாவது மேனேஜர் ஜாதி. கெட்டவை என்று சொல்லவில்லை. அவற்றின் வேலை ரிஜிஸ்டரைச் சுத்தமாக்குவது. பொட்டலத்தை உரியவரிடம் சேர்ப்பது அவற்றின் வேலை இல்லை.

*

இன்றைக்கு நாம் "சர்வர்" என்று சொல்வது பெரும்பாலும் நிஜப்பொட்டி இல்லை, மெய்நிகர் பொட்டி. ஒரு இரும்புப் பெட்டிக்குள் நாலைந்து மெய்நிகர் கணினிகள், சுருக்கமாக வி.எம். ஓடும். உள்ளே இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ தனக்கென்று ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அது ஒரு பெரிய ஃபைல். அந்த ஃபைல் இருப்பது வால்யூமில். வால்யூம் இருப்பது ரெய்டு கார்டு நாலைந்து டிஸ்க்குகளைச் சேர்த்துக் காட்டும் ஓர் இடத்தில். வீட்டுக்குள் வீடு, அதற்குள் வீடு. ஒவ்வொரு அடுக்கிலும் தனி ரிஜிஸ்டர்.

இதனால்தான் நோயைக் கண்டுபிடிப்பது சிரமம். மேல் அடுக்கில் விண்டோஸ் "என்.டி.எஃப்.எஸ். பழுது" என்று அலறும். பையன் உடனே செக்டிஸ்க் போடுவான். பல சமயம் அவன் போடவே வேண்டாம், ரீஸ்டார்ட் செய்தாலே விண்டோஸ் சில விநாடி எண்ணிவிட்டுத் தானாக ஆரம்பித்துவிடும். ஆனால் பழுது கீழே, ரெய்டு அடுக்கில், என்றால்? அஸ்திவாரம் ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் மாடியில் டைல்ஸ் மாற்றுகிறோம். தப்பான இடத்திலிருந்து தப்பான பக்கங்கள் படிக்கப்படுகின்றன, அதை நம்பி செக்டிஸ்க் நல்ல பக்கங்களையும் திருத்தி எழுதுகிறது. எனவே பார்ப்பது எப்போதும் கீழிருந்து மேலாக இருக்கவேண்டும். டிஸ்க்குகள் நலமா, ரெய்டு கார்டின் லாக் என்ன சொல்கிறது, கேஷ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா, அப்புறம் வால்யூம், அப்புறம் வி.எம். ஃபைல், கடைசியில்தான் உள்ளே இருக்கும் விண்டோஸ்.

இன்னொரு விசித்திரம். வால்யூமின் மெட்டாடேட்டா கெட்டாலும், ஏற்கெனவே திறந்து ஓடிக்கொண்டிருக்கும் வி.எம். பல நாட்கள் ஒன்றும் தெரியாமல் ஓடும். அது தன் ஃபைலை முன்பே திறந்து வைத்திருக்கிறது, ரிஜிஸ்டரை மறுபடி பார்க்கவேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். நிறுத்தினால் மறுபடி எழாது. நம் ஊரில் எல்லா வியாதிக்கும் முதல் மருந்து "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு". இந்த ஒரு வியாதிக்கு அது விஷம். ஓடுகிற மெஷின் ஓடட்டும். முதலில் அதன் உள்ளிருந்து டேட்டாபேஸை வெளியே ஒரு டிஸ்க்குக்கு எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

*

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். பி.காம். முதல் வருஷத்தில் ட்ரையல் பேலன்ஸ் சொல்லிக்கொடுத்த அன்றே வாத்தியார் ஒன்றைப் போர்டில் எழுதுவார். பற்றும் வரவும் சமமானால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ராமசாமி கணக்கில் வைக்கவேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் வைத்தாலும் டேலி ஆகும். ஒரு வவுச்சரை அடியோடு விட்டுவிட்டாலும் டேலி ஆகும். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் டேலி ஆகும்.

லினக்ஸில் எஃப்.எஸ்.சி.கே. என்ற கருவி ஓடி முடித்து "க்ளீன்" என்று சொல்வது இந்த ட்ரையல் பேலன்ஸ்தான். ஒரே இடத்தை இரண்டு ஃபைல்கள் தன்னுடையது என்று சொல்கின்றனவா, காலி என்று குறித்த இடத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கும். முரண்பாடு இருந்தால் தீர்த்து வைக்கும். பெயர் தெரியாத ஃபைல் துண்டுகளை "லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" என்ற பெட்டியில் வெறும் நம்பரோடு போட்டுவிடும். வங்கியில் இதற்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர்! முடிவில் எல்லாம் சுத்தம். உங்கள் டேட்டாபேஸ் ஃபைல் மூன்று துண்டாக அந்தப் பெட்டியில் கிடந்தாலும் கருவியைப் பொறுத்தவரை க்ளீன்தான்.

கேஷ் கவுண்டரில் சாயந்திரம் 500 ரூபாய் குறைந்தால் என்ன செய்கிறோம்? பாக்கெட்டிலிருந்து போட்டு டேலி செய்தால் மெமோ. முதலில் திரும்ப எண்ணு, அப்புறம் வவுச்சரைப் பார், கிடைக்கவில்லை என்றால் குறைவை எழுத்தில் காட்டு. நாற்பது ஐம்பது வருஷமாக ஒவ்வொரு கேஷியருக்கும் தெரிந்த இந்த ஒழுக்கம் சர்வர் அறைக்குள் நுழைந்ததும் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இந்தக் கருவிகளை எழுதியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் "பார்த்துச் சொல், கை வைக்காதே" என்றொரு வழி இருக்கிறது. எக்ஸ்.எஃப்.எஸ். ரிப்பேரில் உண்டு, எஃப்.எஸ்.சி.கே.யில் உண்டு. வி.எம்.வேர் 2012-ல் 5.1 பதிப்போடு கொடுத்த வோமா என்ற கருவி, வால்யூமின் மெட்டாடேட்டாவைச் சோதிப்பதற்கென்றே செய்தது. ஆரம்பத்தில் அதற்குத் திருத்தவே தெரியாது, என்ன கெட்டிருக்கிறது என்று சொல்ல மட்டும்தான் தெரியும். திருத்தும் வசதி பின்னால் சேர்ந்தது. முதலில் வந்த குணம்தான் எனக்குப் பிடித்தது. நல்ல ஆடிட்டர் மாதிரி, குறிப்பு எழுதிவிட்டுப் போய்விடும்.

எக்ஸ்.எஃப்.எஸ். ரிப்பேரில் ஒரு சமாசாரம் உண்டு. வால்யூமில் இன்னும் பதியாத ஜர்னல் பதிவுகள் இருந்தால், அது வேலை செய்ய மறுக்கும். "முதலில் மவுண்ட் செய், ஜர்னல் தானாகப் பதியட்டும். முடியவே முடியாது என்றால் மட்டும் எல் என்ற ஸ்விட்சைப் போட்டு ஜர்னலை அழி" என்று விவரமாகச் சொல்லும். ஜர்னலை அழிப்பது என்றால் நாள் முடிவில் பேரேட்டில் ஏற்றாமல் நிற்கும் வவுச்சர்களை அடுப்பில் போடுவது. இன்டர்நெட்டில் தேடினால் முதலில் கிடைக்கும் பதிலில் அந்த எல் மட்டும் இருக்கும், அதற்கு முந்தைய வாக்கியம் இருக்காது.

*

இங்கே நடந்த ஒரு கதை. இடம், பெயர் வேண்டாம். நகரத்துக்குத் தெற்கே ஒரு சிறு கூட்டுறவுச் சங்கம். செயலாளர் எனக்குப் பழக்கம். துலாவர்ஷக் காலம். திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி மாதத்துச் சாயந்திர இடி எப்படி இருக்கும் என்று. ஒரு சனிக்கிழமை இடியில் கரண்ட் போனது, யு.பி.எஸ்.ஸும் போனது. ரெய்டு கார்டின் கேஷ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம். எழுத வேண்டியது பாதி வழியில் ஆவியாகிவிட்டது. கரண்ட் வந்தபோது டேட்டாஸ்டோர் மவுண்ட் ஆகவில்லை.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. "சாரே, ஒந்நு வந்நு நோக்காமோ?" போனேன். அதற்குள் சர்வீஸ் கம்பெனிப் பையன் வந்து போயிருந்தான். டேட்டாஸ்டோர் தெரியவில்லை என்பதால் "புதிய டேட்டாஸ்டோர்" என்ற மெனுவுக்குள் போயிருக்கிறான். மெஷின் ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கிறது, அவனும் சரி என்று அமுக்கியிருக்கிறான். பளபளவென்று ஒரு காலி வால்யூம். பழைய ரிஜிஸ்டருக்கு மேல் புது ரிஜிஸ்டர்.

"சேட்டா, முதலில் ஒரு காப்பி எடுக்கச் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கூர் ஆகும்னு சொன்னான் சாரே. திங்களாழ்ச்ச பென்ஷன் கொடுக்கணும்." சங்கத்தின் வழியாகத்தான் அந்த ஊரில் சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வீட்டுக்கு வீடு போகிறது. நடக்க முடியாத கிழவிகள் வாசலில் உட்கார்ந்து எதிர்பார்த்திருப்பார்கள். அவருடைய அவசரம் பொய்யான அவசரம் இல்லை.

கடைசி நல்ல பேக்கப் ஐந்து வாரம் பழையது. மிச்சத்தை மீட்டது கம்ப்யூட்டர் அல்ல, பேப்பர். அந்தச் சங்கத்தில் ஒரு பழைய கிளார்க் சேச்சி, கம்ப்யூட்டர் வந்த பிறகும் தினமும் டேபுக்கைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கட்டி வைத்திருந்தார். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வார்களாம். மூன்று வாரம் நாலு பேர் உட்கார்ந்து வவுச்சர் வவுச்சராக ஏற்றினார்கள். பென்ஷன் எட்டு நாள் தாமதம்.

ஐந்து மணி நேரம் மிச்சம் பிடிக்கப்போய் மூன்று வாரம். சரி, அந்த ஐந்து மணி நேரம் கூடத் தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வி.எம்.வேரின் வால்யூமில் மெட்டாடேட்டாவின் முக்கியப் பகுதி முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சப்போர்ட்காரர்கள் ஆராய்ச்சிக்குக் கேட்பதே வால்யூமின் முதல் ஒரு ஜி.பி. சொச்சத்தைத்தான். அதைக் காப்பி எடுக்கச் சில நிமிஷம் போதும். ஒரு பென் டிரைவ் போதும். முழு வால்யூமின் காப்பிக்கு அது ஈடில்லை, ஆனால் நனைந்த ரிஜிஸ்டரின் போட்டோ அது. அதை எடுத்து வைத்துவிட்டு என்ன கூத்து அடித்திருந்தாலும் திரும்பி வர ஒரு வழி இருந்திருக்கும்.

*

இது ஏதோ குக்கிராமக் கதை என்று நினைக்கவேண்டாம். உலகம் முழுக்க ஒரே சமயத்தில் இந்தப் பரீட்சை நடந்தது. 2023 பிப்ரவரி 3 வாக்கில், வி.எம்.வேர் இ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வர்களைக் குறிவைத்து ஒரு பணயத் தாக்குதல். இ.எஸ்.எக்ஸ்.ஐ.ஆர்க்ஸ் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே நுழைய அது பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு வருஷம் பேட்ச் போடாத மகானுபாவர்கள்தான் மாட்டினார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சி.ஐ.எஸ்.ஏ. என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பும் சொன்ன கணக்குப்படி உலகம் முழுதும் 3,800 சர்வர்கள்.

கவனிக்கவேண்டியது அது எதைப் பூட்டியது என்பதை. ஒரு வி.எம்.மின் டிஸ்க் உண்மையில் இரண்டு ஃபைல். ஒன்று ஃப்ளாட் என்று பெயரில் வரும் பிரம்மாண்டமான ஃபைல், சரக்கெல்லாம் அதில். இன்னொன்று சில நூறு எழுத்துகள் உள்ள சின்ன விவர ஃபைல். டிஸ்க் இத்தனை பெரியது, சரக்கு இந்த ஃபைலில், என்று சொல்லும் துண்டுச்சீட்டு. முதல் அலையில் பல இடங்களில் துண்டுச்சீட்டுகள் பூட்டப்பட்டன, ஃப்ளாட் ஃபைல் தப்பித்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வி.எம்.மும் செத்துப்போனது போலத் தெரியும். உள்ளே தங்கம் அப்படியே.

இதைக் கவனித்த சிலர் மீட்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். ஃப்ளாட் ஃபைலின் அளவை எடு, அதே அளவுக்குப் புது துண்டுச்சீட்டு எழுது, பழைய சரக்கோடு கோத்துவிடு. அந்த அடிப்படையில் நாலைந்து நாளிலேயே சி.ஐ.எஸ்.ஏ. ஒரு ஸ்கிரிப்ட் வெளியிட்டது. அதன் குறிப்பில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டப்பட்ட பழைய ஃபைல்களை அது அழிக்காது, பக்கத்தில் புதியது எழுத முயலும், அவ்வளவே. அரசாங்க அலுவலகத்துக்குக் கூட அந்த ஒழுக்கம் இருந்தது. அதே வாரம் வந்த இரண்டாவது அலை பெரிய ஃபைல்களிலும் பாதியைக் கெடுத்தது, அதில் இந்த வித்தை பலிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் முதல் அலையில் மாட்டி, "எல்லாம் போச்சு" என்று திங்கட்கிழமையே ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டவர் யாராவது இருந்தால், செவ்வாய்க்கிழமை அந்த ஸ்கிரிப்டைப் பார்த்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

*

"நீ ஆடிட்டர், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பொறு, பொறு என்பாய். எங்களுக்கு அப்படியா?" என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் இதே ஊரில், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் சைபர் தாக்குதலுக்கு ஆளாயின. கதிர்வீச்சு சிகிச்சை சில நாட்கள் தடைப்பட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலி பக்கமிருந்து எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கையில் அந்த ஃபைலோடு நிற்பவர்களிடம் பேசியிருக்கிறேன். அவர்களிடம் போய் "காப்பி எடுக்கிறோம், ஐந்து மணி நேரம் பொறுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே காத்திருப்பது எரிச்சல் இல்லை, உயிர்.

அதனால்தான் சொல்கிறேன், காப்பி எடுக்கும் நேரத்தை விபத்து நடந்த பிறகு தேடக்கூடாது. கொஞ்சம் நல்ல ஸ்டோரேஜ் பெட்டியில் ஸ்னாப்ஷாட் எடுக்க விநாடிகள் போதும். காலியான உதிரி டிஸ்க் ஒன்று அலமாரியில் இருந்தால் அது ஒன்றே பாதி வைத்தியம். அவசரம் அதிகமுள்ள இடத்துக்குத்தான் இந்த ஏற்பாடு அதிகம் தேவை.

அதே 2024 ஜூலை 31-ல் வங்கித்துறையில் நடந்ததையும் பாருங்கள். சி-எட்ஜ் என்ற கம்பெனியின் சில சிஸ்டங்களில் பணயத் தாக்குதல். நாடு முழுதும் சுமார் 300 சிறு வங்கிகள் அதை நம்பி இருந்தன. தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் முதலில் செய்தது அந்தக் கம்பெனியைத் தன் நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தது. துண்டித்து, சோதித்து, அடுத்த நாள் திரும்ப இணைத்தார்கள். அந்த ஒரு நாள் வாடிக்கையாளர்கள் திட்டியிருப்பார்கள். திட்டட்டும். ஸ்ட்ராங் ரூமை முதலில் பூட்டிய மேனேஜர் செய்தது அதைத்தான்.

விதிமுறை இல்லாமலும் இல்லை. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7-ல் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.டி. நிர்வாக மாஸ்டர் டைரக்ஷனில், பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதை அவ்வப்போது ரிஸ்டோர் செய்து பயன்படுமா என்று பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. முக்கியமான சிஸ்டங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டி.ஆர். ட்ரில் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அந்த டைரக்ஷன் பெரிய வங்கிகளுக்கானது. மண்டல கிராமிய வங்கிகள் கூட அதன் வரம்பில் இல்லை, நான் சொன்ன சங்கம் மாதிரியானவை எங்கே? ட்ரில் நடத்தும் இடங்களிலும் நான் பார்த்தவரை "சர்வர் எரிந்துவிட்டது, இன்னோர் ஊரில் எழுப்பு" என்ற நாடகம்தான் நடக்கிறது. பாதி கெட்டு, பாதி ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமை வைத்து யாரும் ட்ரில் நடத்துவதில்லை. முழுசாகச் செத்தால் முடிவெடுப்பது சுலபம். பாதி செத்தது என்றால்தான் ஆளாளுக்குக் கை நீட்டுவார்கள்.

பேக்கப் இருக்கிறது என்ற தைரியமும் சோதிக்கும் வரைதான். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் கம்பெனியில் களைத்துப்போன ஓர் இன்ஜினியர், தப்பான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மிச்சம். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது, ஒன்றும் உருப்படியாக உதவவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட். அந்தக் கம்பெனி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவைத்தது. ஐ.எஸ். ஆடிட் போகும் ஒவ்வொரு ஆளும் அதைப் படிக்கவேண்டும் என்பேன்.

*

2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கி, லைசென்ஸ் முறையை மாற்றிய பிறகு, பல சிறு நிறுவனங்கள் ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரி இலவசங்களுக்கு நகர்கின்றன. தப்பில்லை. கருவியின் பெயர்தான் மாறும், வியாதி மாறாது. லினக்ஸில் எல்.வி.எம். என்ற வால்யூம் அடுக்கு ஒவ்வொரு மாற்றத்தின் போதும் தன் மெட்டாடேட்டாவைச் சாதாரண எழுத்து ஃபைலாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கும். எடுத்துப் படிக்கலாம், அதை வைத்தே வால்யூமை மீட்கலாம். தங்கமான ஏற்பாடு. ஆனால் அந்த ஃபோல்டர் இருப்பது பெரும்பாலும் அதே டிஸ்க்கில்! லாக்கர் சாவியை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். சில கிலோபைட்டுகள்தான், இமெயிலில் கூடப் போகும்.

மேலதிகாரிகளுக்கு என் கோரிக்கை எழுத்துப்பூர்வமான ஓர் உத்தரவு. அரைப்பக்கம் போதும். ஸ்டோரேஜ் வால்யூம் பழுது என்று தெரிந்தால், நகல் எடுத்து, எழுதாமல் சோதித்த அறிக்கை கைக்கு வரும் வரை யாரும் ரிப்பேரோ ஃபார்மட்டோ செய்யக்கூடாது. அதனால் ஆகும் தாமதத்துக்கு அந்த டெக்னீஷியன் பொறுப்பல்ல, கையெழுத்துப் போட்ட நான் பொறுப்பு. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மேலே உள்ள வரிகளுக்கு மதிப்பில்லை. பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு வரும் பையன், கமிட்டி பிரசிடென்ட் போனில் கத்தும்போது, தன் சொந்தப் பொறுப்பில் "பொறுங்கள்" என்று சொல்லமாட்டான். அவனிடம் அதை எதிர்பார்ப்பதும் அநியாயம்.

அப்புறம், துலாவர்ஷம் தொடங்குவதற்கு முன்னால் சர்வர் அறைக்குள் ஒரு தடவை போய் ரெய்டு கார்டில் என்ன கலர் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிடுங்கள். சிவப்பு என்றால் பேட்டரி மாற்ற இந்த வாரமே ஆள் சொல்லுங்கள்.

டிஸ்கி: இவை என் சொந்தக் கருத்துகள். எனக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சங்கத்தின் பெயரைக் கேட்டு யாரும் எழுதவேண்டாம், சொல்லமாட்டேன். அந்த சேச்சி அடுத்த மார்ச்சில் ரிட்டையர் ஆகிறார். டேபுக் பிரின்ட் எடுக்க இன்னும் ஆள் போடவில்லை.